வாசல் தளம் உள்வாங்கிருச்சா, விரிசல் விட்டிருச்சா? மேல பூசறதுக்கு முன்னாடி கீழ மண்ணைப் பாருங்க

சேலத்துல ஐப்பசி கார்த்திகை மழை முடிஞ்சதும் நிறைய வீட்ல இதே பேச்சுதான். போர்டிகோல கார் நிக்கற இடம் ஒரு பக்கம் இறங்கி தண்ணி தேங்குது, வீட்டை சுத்தி போட்ட சிமெண்ட் தளம் சுவத்தை விட்டு விலகி நடுவுல விரல் போற அளவு சந்து விட்டிருக்கு, கேட் கிட்ட குறுக்க ஒரு வெடிப்பு. உடனே தெரிஞ்ச கொத்தனார் ஒருத்தரை கூப்புட்டு ஒரு மூட்டை சிமெண்டும் கொஞ்சம் பி சாண்டும் (பூச்சுக்கு வர்ற மெலிசான கல்லு மணல்) வாங்கி மேல ஒரு இன்ச் பூசி மட்டம் பண்ணி விட்டுடறாங்க, பாக்க புதுசாத்தான் இருக்கும், அடுத்த மழைக்கு அதே இடத்துல அதே வெடிப்பு, பூசினதும் அப்பளமா பெயர்ந்து வரும்.

இதுல காசு போறது ஒரு பக்கம், அதை விட பெரிய விஷயம், அந்த சந்து வழியா வருஷம் பூரா தண்ணி அஸ்திவாரத்துக்கு இறங்கிட்டே இருக்கு. அதனாலதான் இதை கொஞ்சம் விளக்கமாவே எழுதறேன். புதுசா வீடு வாங்கினவங்க, கொத்தனார் வேலை பத்தி ஒன்னும் தெரியாதவங்க, எல்லாருக்கும் புரியற மாதிரி.

தளம் ஏன் இறங்குது

தளம் தானா இறங்காது. கீழ இருந்த மண்ணு போயிருக்கும், இல்ல அமுங்கியிருக்கும். வீடு கட்டும்போது என்ன பண்றாங்க, வானம் தோண்டி அஸ்திவாரம் போட்டு பேஸ்மட்டம் எழுப்பினதும் தோண்டின மண்ணையே சுத்தி தள்ளி மூடறாங்க, அதுலயே உடைஞ்ச செங்கல், காலி சிமெண்ட் பை, மரத்துண்டு எல்லாம் போயிடும். இடிச்சு இறுக்கறது கிடையாது. அது மேல 3 இன்ச்சோ 4 இன்ச்சோ காங்கிரீட். ரெண்டு மூணு மழை பாத்ததும் மண்ணு தானா படியும், தளம் கீழ காத்து மட்டும்தான் இருக்கும், கார் ஏறினதும் டமார்.

இடத்துக்கு இடம் மண்ணும் மாறும். செம்மண்ணும் கிராவலும் இருக்கற இடத்துல நல்லா இடிச்சு விட்டா பெருசா தொந்தரவு இல்ல. கரிசல் மண்ணு இருக்கற இடம்தான் கஷ்டம், மழைக்கு ஊதும், வெயிலுக்கு சுருங்கி பாளம் பாளமா வெடிக்கும், மேல இருக்கற தளம் அதோடயே ஏறி இறங்கும். பழைய கிணத்தை மூடி மனை பிரிச்ச இடம், வயக்காட்டை மண்ணு கொட்டி ஏத்தின லேஅவுட், கன்னங்குறிச்சி மூக்கனேரி மாதிரி ஏரிக்கு பக்கத்துல, திருமணிமுத்தாறு ஓரத்துல தாழ்வா இருக்கற தெரு, இங்கெல்லாம் வீடு இருந்தா அக்கம்பக்கத்துல வயசானவங்க கிட்ட இந்த இடம் முன்னாடி என்னவா இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க. இது நல்லா உபயோகப்படும்.

அப்பறம் தண்ணி. மாடில இருந்து வர்ற மழைத்தண்ணி பைப்பு தரைக்கு ஒரு அடி மேலயே நின்னு போய், கொட்டற தண்ணி அத்தனையும் சுவத்தோரமே விழற வீடு எத்தனை இருக்குன்னு உங்க தெருவுல ஒரு தடவை நடந்து பாருங்க. சம்ப் நிறைஞ்சு வழியறது, வாஷிங் மெஷின் தண்ணி, தரைக்கடியில ஜாயிண்ட் விட்ட டிரைனேஜ் பைப்பு, எல்லாம் இதே வேலைய பண்ணும்.

பெருச்சாளிய மறந்துடாதீங்க. எங்க தெருவுல ஒரு வீட்ல பின்பக்க தளம் ரெண்டு தடவை பூசியும் இறங்கிருச்சு. மூணாவது தடவை உடைச்சு எடுத்தப்ப நானும் கூட நின்னேன். தளத்தோட அடிப்பக்கம் ஈரமே இல்லாம சுத்தமா இருந்துச்சு, அதுக்கு ஒரு ஜாண் கீழதான் மண்ணே இருந்துச்சு, சைடுல ரெண்டு பெரிய வளை, உள்ள பாலிதீன் பை, தேங்கா நாரு, யாரோட வீட்டு எலும்புத்துண்டோ. வளை நேரா காம்பவுண்ட் சுவத்துக்கு அடில பூந்து சாக்கடைக்கு போகுது. மழை வந்தா சாக்கடை தண்ணி அந்த வழியாவே வீட்டுக்குள்ள ஏறியிருக்கு. எத்தனை மூட்டை சிமெண்ட் போட்டாலும் அந்த வளைய அடைக்காம அது நிக்காது.

முதல்ல சோதனை, அப்பறம்தான் சிமெண்ட்

ஒரு நாள் ஒதுக்கி இதை பண்ணுங்க, செலவு கிடையாது.

சுத்தியலோ கடப்பாரையோட பின்பக்கமோ எடுத்து தளத்தை அடிக்கு ஒரு தட்டு தட்டிட்டே வாங்க. அடில மண்ணு இருந்தா கல்லு மேல தட்டற சத்தம், காலியா இருந்தா பொத்துன்னு கூடு சத்தம். சத்தம் மாறற இடத்துல சாக்பீஸ்ல கோடு போட்டுட்டே போனா எவ்வளவு தூரம் காலியா இருக்குன்னு படம் மாதிரி தெரிஞ்சிடும். பெரும்பாலும் கண்ணுக்கு தெரியற பள்ளத்தை விட அது பெருசாத்தான் இருக்கும்.

அடுத்து ரெண்டு பக்கெட் தண்ணிய சுவத்தோரம் ஊத்துங்க. தண்ணி வெளிய ஓடணும். சுவத்தை பாத்து ஓடி வந்து சந்துல காணாம போனா உங்க வியாதி அதுதான். மழை பெய்யறப்ப குடை புடிச்சிட்டு வெளிய போய் பாக்கறது இன்னும் நல்லது, எந்த பைப்பு எங்க கொட்டுதுன்னு அப்பதான் சரியா தெரியும்.

விரிசலுக்கு ரெண்டு சோதனை. ஒன்னு அகலம், ஏடிஎம் கார்டோட ஓரம் உள்ள போகுதான்னு பாருங்க, கார்டு முக்கால் மில்லிமீட்டர் கனம், அது கூட போகலைன்னா மயிரிழை விரிசல், பயப்பட வேணாம். ரெண்டாவது அது உயிரோட இருக்கான்னு பாக்கணும், அதாவது இன்னும் அகலமாகிட்டு இருக்கா, நின்னு போச்சா. விரிசல் முடியற ரெண்டு முனைலயும் பெயிண்ட்ல குறுக்க ஒரு கோடு போட்டு தேதி எழுதுங்க, நடுவுல விரிசலுக்கு அந்தப்பக்கம் இந்தப்பக்கம் ரெண்டு புள்ளி வச்சு ஸ்கேல்ல அளந்து எழுதி வைங்க. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் தாண்டி பாத்தா சரியா தெரியும், அவ்வளவு பொறுமை இல்லைன்னா குறைஞ்சது ரெண்டு மூணு மாசமாவது பாருங்க. விரிசலோட ஒரு பக்கம் உசரமா இன்னொரு பக்கம் தாழ்வா இருந்தா காத்திருக்கவே தேவையில்ல, கீழ மண்ணு போயிருக்கு.

விரிசல் மட்டும்தான், தளம் இறங்கலைன்னா

மயிரிழைக்கு பெருசா ஒன்னும் இல்ல. நல்லா தேச்சு கழுவி, கடைல எஸ்பிஆர் லேடெக்ஸ்னு கேட்டா பால் மாதிரி ஒரு கெமிக்கல் தருவாங்க, டப்பால போட்டிருக்கற அளவுக்கு தண்ணியும் சிமெண்டும் சேத்து கூழாக்கி பிரஷ்ல அழுத்தி தேச்சு விட்டா போதும்.

கார்டு உள்ள போற அளவு விரிசல், ஆனா வளரலை, அப்படின்னா சும்மா மேல சிமெண்ட் தேச்சு விடறது வீண். கிரைண்டர்ல விரிசலை ஒட்டியே அரை இன்ச் அகலம், முக்கால் இன்ச் ஆழத்துக்கு காவா மாதிரி வெட்டணும், ஓரம் ரெண்டும் நேரா செங்குத்தா இருக்கணும். சரிவா வெட்டினா பூச்சு ஓரத்துல காகிதம் மாதிரி மெலிசாகி முதல்ல அங்கதான் பெயரும். தூசி சுத்தமா போகணும், விளக்குமாறுல கூட்டினா பத்தாது, தண்ணி அடிச்சு கழுவி ஈரமா விட்டு, ஆனா குழில தண்ணி நிக்காம துணில ஒத்தி எடுத்துட்டு, நான் ஷ்ரிங்க் கிரவுட்டோ பாலிமர் மார்ட்டரோ வச்சு கரண்டில அழுத்தி அடைங்க. சாதா சிமெண்ட் சாந்து காயும்போது சுருங்கும், ரெண்டு ஓரத்துலயும் மறுபடி விரிசல் விடும், அதுக்காகத்தான் சுருங்காத கிரவுட்.

வளர்ற விரிசலுக்கும், தளமும் சுவரும் சேர்ற சந்துக்கும் சிமெண்டே வேணாம். தளம் வெயிலுக்கு விரியும், ராத்திரி சுருங்கும், கெட்டியான பொருள் எதை வச்சாலும் உடையும். பி.யூ சீலன்ட் போடுங்க, ரப்பர் மாதிரி இழுபடற பசை, டியூப்ல வரும், அதுக்குன்னு இருக்கற துப்பாக்கில வச்சு அழுத்தணும். சந்து ஆழமா இருந்தா முதல்ல ஃபோம் கயிறு, பேக்கர் ராடுன்னு கேட்டா தருவாங்க, அதை உள்ள திணிச்சிட்டு அது மேல சீலன்ட் அடிங்க, சீலன்டும் மிச்சமாகும், ரெண்டு பக்கம் மட்டும் புடிச்சு நல்லா இழுபடும். சீலன்டுக்கு தளம் சுத்தமா காஞ்சிருக்கணும், ஈரத்துல ஒட்டாது.

தளம் இறங்கியே இருந்தா

வெளிநாட்டு வீடியோல தளத்துல ஓட்டை போட்டு கீழ சிமெண்ட் மண்ணு கூழோ ஃபோமோ அழுத்தி ஏத்தி தளத்தை அப்படியே தூக்கறாங்க, அருமையான முறைதான். ஆனா அதுக்கு தளம் கனமா, உடையாம ஒரே பாளமா இருக்கணும். நம்ம வாசல் தளம் 3 இன்ச்சு, அதுவும் நாலு துண்டா வெடிச்சது, தூக்கினா இன்னும் உடையும். சின்ன இடத்துக்கு உடைச்சு எடுத்து திருப்பி போடறதுதான் சரி, செலவும் கம்மி.

ஒரு விதிவிலக்கு இருக்கு. தளம் இன்னும் இறங்கலை, தட்டினா மட்டும் காலி சத்தம் வருதுன்னா ரெண்டு மூணு இடத்துல 2 இன்ச் ஓட்டை போட்டு, சிமெண்ட் ஒரு பங்கு சலிச்ச மணல் ரெண்டு பங்கு கலந்து கஞ்சி பதத்துல புனல் வச்சு ஊத்தலாம், ஒரு ஓட்டைல ஊத்தினது அடுத்த ஓட்டைல எட்டிப்பாக்கற வரைக்கும். ஆனா அந்த காலி இடம் உடைஞ்ச டிரைனேஜ் பைப்புக்கோ சம்புக்கோ போகுதுன்னா கஞ்சி பூரா அதுக்குள்ள போய் பைப்பு கல்லாகிடும், அதனால பைப்பு சோதிச்ச பிறகுதான் இது.

உடைச்சு போடறதுன்னு முடிவு பண்ணிட்டா இப்படி போங்க.

சாக்பீஸ் கோட்டுக்கு வெளிய அரை அடி தள்ளி, சதுரமாவோ நீளமாவோ நேர்கோடு அடிங்க. 4 இன்ச் கிரைண்டர் ஒரு இன்ச் ஆழம் வெட்டும், அது போதும், மிச்சத்தை உளி சுத்தியலாலயே உடைச்சிடலாம், கோடு நேரா இருக்கும். வெட்டறப்ப தண்ணி விட்டுட்டே வெட்டுங்க, அந்த தூசி நுரையீரலுக்கு ரொம்ப கெடுதல், மாஸ்க்கும் கண்ணாடியும் இல்லாம யாரையும் வெட்ட விடாதீங்க, கூலிக்கு வர்றவங்களுக்கும் நீங்களே வாங்கிக் குடுங்க. தண்ணி விடறதால மிஷினுக்கு கரண்ட்டு ஈஎல்சிபி (கரண்ட்டு கசிஞ்சா தானா அணையற சுவிட்ச்) இருக்கற பாயிண்ட்ல இருந்துதான் எடுக்கணும். எர்த் கம்பி, மோட்டர் வயரு, தண்ணி பைப்பு எங்க போகுதுன்னு முன்னாடியே பாத்துக்கங்க.

உடைச்ச துண்டை அள்ளிட்டு, பொசுபொசுன்னு இருக்கற மண்ணு, குப்பை எல்லாத்தையும் கெட்டி மண்ணு வர்ற வரைக்கும் எடுங்க. கடப்பாரைய நட்டா சுலபமா இறங்கினா இன்னும் தோண்டணும்னு அர்த்தம். வளை இருந்தா அது போற வழி வரைக்கும் திறந்து, உடைஞ்ச கண்ணாடியும் ஜல்லியும் கலந்த காங்கிரீட்டால அடைங்க. பைப்பு ஒழுகினா இப்பவே மாத்துங்க, இதுக்கப்பறம் இந்த குழிய யாரும் திறக்கப் போறதில்ல.

இப்ப மண்ணு நிரப்பறது, மொத்த வேலைலயும் இதுக்குத்தான் அதிக நேரம் குடுக்கணும், ஆனா எல்லாரும் அவசரப்படறது இங்கதான். எடுத்த மண்ணையே திருப்பி போடாதீங்க, கரிசலா இருந்தா கட்டாயம் போடாதீங்க. கிராவல் மண்ணோ கிரஷர் பொடியோ வாங்குங்க. அரை அடி கனத்துக்கு பரப்பி, தண்ணி தெளிச்சு, திமிசு கட்டை போட்டு இடிச்சு, அப்பறம்தான் அடுத்த அரை அடி. ஈரம் எவ்வளவுன்னா, ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து இறுக்கி புடிச்சா உருண்டையா நிக்கணும், உள்ளங்கைல ஈரம் ஒட்டக்கூடாது. உதிர்ந்தா தண்ணி பத்தலை, கைல சேறு ஒட்டினா ஜாஸ்தி, காய விட்டு இடிங்க. கட்டை போட்டதும் மண்ணு அமுங்காம கட்டை எகிறி குதிக்கற வரைக்கும் இடிக்கணும். சும்மா ஒரே மூச்சுல குழி நிறைய கொட்டி தண்ணி கட்டி விட்டா தானா படிஞ்சிடும்னு சொல்வாங்க, மேல படியும், கீழ படியாது.

குழி பெருசா இருந்தா, இல்ல கார் நிக்கற இடமா இருந்தா மண்ணை இடிக்கற எர்த் ரேமர் மிஷினு வாடகைக்கு எடுத்துடுங்க, முதுகும் மிச்சம், இடிப்பும் நல்லா இருக்கும்.

அது மேல 40 எம்எம் ஜல்லி 3 இன்ச் பரப்பி இடிச்சு, சுவத்தோரம் அரை இன்ச் தெர்மாகோல் பட்டை நிறுத்துங்க. தளமும் சுவரும் ஒட்டக்கூடாது, ஒட்டினா தளம் அசையும்போது சுவத்தையும் இழுக்கும். பழைய தளத்தோட ஓரத்தை ஈரப்படுத்தி சிமெண்ட் பால் அடிச்சு விடுங்க.

கலவை கணக்கு

நடக்கற இடத்துக்கு 4 இன்ச், கார் நிக்கற இடத்துக்கு 5 இன்ச் கனம், அதுல 8 எம்எம் கம்பிய 8 இன்ச்சுக்கு ஒன்னா ரெண்டு பக்கமும் கட்டி, கீழ கவர் பிளாக் (கம்பிய தூக்கி நிறுத்தற சின்ன சிமெண்ட் கட்டை) வச்சு தூக்கி வைங்க. கம்பி மண்ணுல கிடந்தா போட்டதே வீண்.

கலவை எம்20, அதாவது 1 பங்கு சிமெண்ட், ஒன்றரை பங்கு எம் சாண்ட் (காங்கிரீட்டுக்கு வர்ற கல்லு மணல்), 3 பங்கு 20 எம்எம் ஜல்லி. பூச்சுக்கு வர்ற பி சாண்டை காங்கிரீட்ல போடாதீங்க. உதாரணத்துக்கு 6 அடிக்கு 4 அடி இடம், 4 இன்ச் கனம், அது 8 கன அடி வரும், கிட்டத்தட்ட 2 மூட்டை சிமெண்ட், மூன்றரை கன அடி எம் சாண்ட், 7 கன அடி ஜல்லி பிடிக்கும். ஒரு மூட்டை சிமெண்டை 1.25 கன அடின்னு வச்சுக்கலாம், ஒரு அடிக்கு ஒரு அடி, 15 இன்ச் உசரத்துல ஒரு மரப்பெட்டி அடிச்சு வச்சிட்டா மணலும் ஜல்லியும் அதுலயே அளந்து கொட்டலாம், குத்துமதிப்பா பாண்டு பாண்டா கொட்டினா ஒவ்வொரு கலவையும் ஒவ்வொரு மாதிரி ஆகும்.

தண்ணி ஒரு மூட்டைக்கு 25 லிட்டர், மணல் ஈரமா இருந்தா அதுக்கும் கம்மி. இந்த விஷயத்துல கொத்தனாரோட கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். தண்ணியா இருந்தா இழுத்து விடறது சுலபம், வேலை சீக்கிரம் முடியும், ஆனா அதிகமா போன தண்ணி பூரா பின்னாடி ஆவியாகி அந்த இடம்தான் ஓட்டையும் விரிசலுமா நிக்கும். அளந்து ஊத்த ஒரு பக்கெட்டை ஓரமா வச்சுக்குங்க, "அண்ணா, இந்த அளவு மட்டும் தாண்ட வேணாம்"னு ஆரம்பத்துலயே தன்மையா சொல்லிட்டா கேப்பாங்க.

வாட்டம், அதாவது தண்ணி ஓடற சரிவு, அடிக்கு கால் இன்ச், வீட்டுல இருந்து வெளிய. 4 அடிக்கு ஒரு இன்ச் வருது. கண்ணளவுல வேணாம், டியூப்ல தண்ணி மட்டம் புடிச்சு நூல் கட்டிடுங்க. மட்டப்பலகைல இழுத்த பிறகு மேல வர்ற தண்ணி தானா அடங்கற வரை காத்திருங்க, ஈரத்தை இழுக்கறதுக்குன்னு சிமெண்டை தூவி தேய்க்கறது பழக்கமாயிருச்சு, அதனாலதான் ஒரு வருஷத்துல மேல் தோல் மாவா உதிருது, எறும்பு கோடு மாதிரி மெல்லிசா வெடிக்குது. வாசலுக்கு வழவழன்னு தேய்க்காதீங்க, தென்னை விளக்குமாறை லேசா இழுத்து விட்டா மழைல வழுக்காது.

பெரிய தளமா இருந்தா 8லருந்து 10 அடிக்கு ஒரு கோடு, ஒரு இன்ச் ஆழம், மறுநாளே கிரைண்டர்ல வெட்டி விட்டுடுங்க. காங்கிரீட் சுருங்கத்தான் செய்யும், விரிசல் வரத்தான் போகுது, அது நாம சொன்ன கோட்டுல வரட்டும்.

ஒன்னு சொல்ல விட்டுட்டேன், ஈர சிமெண்ட் தோலை அரிச்சுடும், பூட்ஸும் ரப்பர் கிளவுஸும் இல்லாம இறங்காதீங்க.

தண்ணி காட்டறது

சேலத்து வெயிலுக்கு பங்குனி சித்திரைல காலைல வெயில் ஏறறதுக்கு முன்னாடி போட்டுடுங்க, இல்ல சாயந்தரம். போட்டு கொஞ்சம் இறுகினதும் ஈரச்சாக்கு மூடி, மறுநாள் சுத்தி மண்ணுல பாத்தி கட்டி தண்ணி நிறுத்துங்க. காலைல ஒரு தடவை சாயந்தரம் ஒரு தடவை பைப்புல அடிக்கறது போதாது, நடுவுல காஞ்சு போகக்கூடாது. காங்கிரீட்டுக்கான இந்திய தர விதி ஐஎஸ் 456 சொல்றது ஓபிசி (சாதா) சிமெண்டுக்கு குறைஞ்சது 7 நாள், காஞ்ச வெயில் காலமா இருந்தா 10 நாள், இப்ப கடைல பெரும்பாலும் கிடைக்கற பிபிசி (சாம்பல் கலந்த) சிமெண்டுக்கு 10 நாள், வெயில்ல அது 14 நாள். நடக்கறதுக்கு ரெண்டு நாள், வண்டி நிறுத்த ஒரு வாரம், கார் ஏத்த 28 நாள் விட்டா நல்லது.

ஏற்காட்டுல வீடுன்னா

மேல கதையே வேற. கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உசரம், ஒரு பக்கம் மலைய வெட்டி அந்த மண்ணையே பள்ளத்து பக்கம் தள்ளி மனை மட்டம் பண்ணியிருப்பாங்க. வெட்டின பக்கம் அசையாது, மண்ணு தள்ளின பக்கம் மட்டும் இறங்கும், அதனால தளம் நடுவுல மனைக்கு குறுக்க நீளமா ஒரு விரிசல் ஓடும். இதுக்கு தளத்தை சரி பண்ணி புண்ணியமில்ல, பள்ளத்து பக்க தடுப்புச்சுவரை பாருங்க. அதுல தண்ணி வெளிய வர ஓட்டை விட்டிருக்கணும், நிறைய இடத்துல மண்ணும் வேரும் அடைச்சு கிடக்கும், மழைக்கு முன்னாடி கம்பி விட்டு சுத்தம் பண்ணிடுங்க. சுவரு வெளிப்பக்கமா வயிறு தள்ளியிருந்தா தளம் வேலைய நிறுத்திட்டு இஞ்சினியரை கூப்புடுங்க. மேட்டு பக்கம் வீட்டுக்கு முன்னாடியே ஒரு காவா எடுத்து மலைத்தண்ணிய சுத்தி திருப்பி விடணும். சில்வர் ஓக் மாதிரி பெரிய மரம் தளத்துக்கு ஒட்டி இருந்தா வேரும் தூக்கும்.

மேல குளிருக்கு காங்கிரீட் இறுக நேரம் எடுக்கும், அவசரப்பட்டு வண்டி ஏத்தாதீங்க. மழை எப்ப வரும்னே தெரியாது, போடற அன்னைக்கு தார்ப்பாய் கைல இருக்கணும். மணலும் ஜல்லியும் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வரணும்ங்கறதால வண்டி வாடகை பெருசு, கணக்கு போட்டு ஒரே தடவைல ஏத்திடுங்க.

நீங்களா கை வைக்கக்கூடாத இடம்

தளத்து விரிசல் அப்படியே சுவத்துல ஏறுது, செங்கல் வரிசைல படிக்கட்டு மாதிரி போகுது, கதவு ஜன்னல் திடீர்னு இறுக்குது, பில்லர் கிட்ட விரிசல், இதெல்லாம் அஸ்திவார விஷயம், கட்டிட இஞ்சினியர்தான் பாக்கணும். செப்டிக் டேங்க் மேல இருக்கற தளம் அமுங்கியிருந்தா அது மேல யாரும் நிக்கக்கூடாது, குழந்தைங்க போகாம உடனே கயிறு கட்டிடுங்க, திறந்து எட்டிப்பாக்கவோ இறங்கவோ கூடாது, உள்ள இருக்கற வாயு ஆளை சாய்ச்சிடும்.

வேலைய ஆளு விட்டு பண்றதா இருந்தா சதுர அடி ரேட்டு பேசறப்ப மண்ணு எடுக்கறது, கிராவல் நிரப்பி இடிக்கறது, வாட்டம், தண்ணி காட்டறது யாரு பொறுப்பு, எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி வாங்கிடுங்க. காங்கிரீட் போடற அன்னைக்கு நீங்க இல்லைன்னா கூட பரவால்ல, குழில மண்ணு இடிக்கற அன்னைக்கு மட்டும் லீவு போட்டு கூடவே நில்லுங்க, மழைத்தண்ணி பைப்பை தெருவோர காவா வரைக்கும் நீட்டி விட்டுட்டாங்களான்னு பாத்துட்டு மிச்ச காசை குடுங்க.